ஹாலோவீனுக்கு மாமியைக் கூட்டிப்போன கதை

மாமியார் ஓயாமல் பேசுகிறார் என்று குறைப்படும் மருமகன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அவர்களைப் பார்த்து எனக்கு வயிறெரிந்திருக்கிறது. என் மாமி என்னோடு பேசவே மாட்டார். சண்டை பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர் என்றால் சமாதானத்துக்கு ஒரு வழி தேடலாம். இவர் சண்டையும் பிடிக்கவில்லை. மிகுந்த மரியாதையோடு, எனக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் இன்னொருவரிடம் சொல்லிவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. என் மனைவி ஜெசி மன்னாரில் செபமாலையோடு வளர்ந்தவள். நான் யாழ்ப்பாணத்தில் திருநீற்றோடு வளர்ந்தவன். சிட்னியில் நான் ஓட்டிய பஸ்ஸில் தினமும் ஏறிய பெண் அவள். (ஒருநாள் இறங்க மறந்துவிட்டாள் என்று நான் சொல்வேன். இறங்க விடவில்லை என்று அவள் சொல்வாள்.) கலியாணத்துக்கு விசா எல்லாம் எடுத்து வைத்திருந்தும் மாமி வரவில்லை. முழங்கால் வலி என்றார். அதே மாதம் அவர் மடு மாதா கோவில் திருவிழாவுக்கு நடந்தே போய்வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

இரண்டு வருடம் கழித்து ஜெசிக்குப் பிள்ளை உண்டானபோது மாமி சிட்னியில் டூங்கபியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். பிள்ளைப்பேறு பார்க்க வந்தார், என்னைப் பார்க்க அல்ல. சாப்பாட்டு மேசையில் நான் அவருக்கு நேரெதிரே இருப்பேன்.

"ஜெசி, அவருக்கு இன்னும் ரெண்டு இடியப்பம் வேணுமோ எண்டு கேள்."

"போதும் மாமி," என்பேன்.

"ஜெசி, என்னவாம்?"

"போதுமாம் அம்மா. நான் என்ன மொழிபெயர்ப்பாளரோ? ரெண்டு பேரும் தமிழ்தானே கதைக்கிறியள்?"

ஜெசி வேலைக்குப் போன நாட்களில் அந்தப் பதவியைக் குளிர்சாதனப்பெட்டி ஏற்றுக்கொண்டது. மாமி அதன் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, "பால் முடிஞ்சுது போல கிடக்கு," என்பார். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவேன். நான் திரும்பி வந்ததும் பெட்டிக்கு, "வாங்கியந்திட்டார்," என்று தகவல் போகும்.

இப்போது சிரிக்க முடிகிறது. அப்போது எனக்கு உண்மையிலேயே வலித்தது. தை மாதம் குழந்தை பிறக்க இருந்தது. அதற்குள் மாமி ஒரு சொல்லாவது என்னிடம் நேரே சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் பிள்ளை பேசப் பழகும்போது, அம்மம்மா அப்பாவோடு கதைக்கமாட்டா என்பதையும் சேர்த்துப் பழகக்கூடாது.

இந்த நிலையில்தான், ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள், பஸ் டிப்போவின் தேநீர் அறையில் பற்றிக் என்ற சாரதி வாயைத் திறந்தான். அவன் அயர்லாந்துக்காரன். ஹாலோவீன் என்பது உண்மையில் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய நாள், அது கத்தோலிக்க விசேஷம், இங்கே அதை மிட்டாய்க்கடை ஆக்கிவிட்டார்கள் என்று புலம்பினான். கடைசிப் பகுதி என் காதில் விழவில்லை. 'கத்தோலிக்க விசேஷம்' என்பதோடு என் மூளை எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒன்பது வருடமாக சிட்னியில் இருக்கிறாய், கடையெல்லாம் எலும்புக்கூடு தொங்குவதைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. எங்கள் முருகன் கோவிலில், ஏறக்குறைய அதே காலத்தில், சூரன்போர் நடக்கும். பெரிய பல்லும் முறைத்த கண்ணுமாகச் சூரன் ஆடி ஆடி வருவான். கடைசியில் முருகன் வந்து வேலால் அடிப்பார். இதுவும் அப்படித்தான் என்று முடிவுகட்டினேன். முதலில் பேய்கள் வந்து ஆடும், கடைசியில் மறுநாள் திருநாளுக்குரிய புனிதர்கள் வந்து அடக்குவார்கள். இது கத்தோலிக்கச் சூரன்போர். (இந்தக் கண்டுபிடிப்பை யாரிடமும் சொல்லிச் சரிபார்க்கத் தோன்றவில்லை. அந்த வயதில் எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம்.)

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பஸ்ஸின் பின்பக்கத்திலேயே ஒரு கேளிக்கைப் பூங்காவின் விளம்பரம் ஒட்டியிருந்தது. கல்லறைகள், சிலுவைகள், எரியும் மெழுகுதிரிகள், சிறகு விரித்த ஒரு சம்மனசு. மன்னார்ச் சேமக்காலை மாதிரியே இருந்தது. கீழே 'ஹாலோவீன் சிறப்பு விழா, மாலை நான்கு மணி முதல்' என்று போட்டிருந்தது. அன்றே மூன்று சீட்டு எடுத்தேன்.

வீட்டில் விபரம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, "சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாள் ஒரு பெரிய விசேஷம், மூண்டு பேரும் போறம்," என்று மட்டும் ஜெசியிடம் சொன்னேன். ஏதோ தேவாலயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மாமியின் முகம் அன்று முதன்முதலாக என் பக்கம் ஒரு அங்குலம் திரும்பியது.

"ஜெசி, அவருக்கு எங்கட திருநாள் எல்லாம் ஞாபகம் இருக்குதே," என்றார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. ஒரு அங்குலம்!

போகும் நாள், மாமி தலை முழுகி, கோவிலுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சேலை உடுத்து, கழுத்தில் செபமாலையும், கையில் முழ நீளத்தில் ஒரு மெழுகுதிரியுமாகக் காரின் பின்சீட்டில் ஏறினார். அந்தத் திரி, காலமாகிவிட்ட மாமாவின் நினைவாக ஏற்றுவதற்கு. மன்னாரிலிருந்தே கொண்டுவந்தது. வழி முழுவதும் ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்திருந்தன. எனக்கு வாழ்க்கை மிகவும் நன்றாகப் போவதாகத் தோன்றியது.

வாகனத் தரிப்பிடத்தில் எங்களைக் கடந்து ஒரு சூனியக்காரக் குடும்பம் போனது. தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், எல்லார் தலையிலும் கூம்புத் தொப்பி. அதற்குப் பின்னால் கழுத்தில் கத்தி குத்திய ஒரு தாத்தா.

ஜெசி என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "குகன், இது ஹாலோவீன்."

"ஓம். சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாள்."

"இது பேய் வேசம் போட்டு ஆக்களை வெருட்டுறது, குகன்."

"முதல்ல பேய்தான் வரும். கடைசியில புனிதர்மார் வருவினம்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். திரும்பிப் போகலாம் என்றால் எங்களுக்குப் பின்னால் நூறு கார்கள் நின்றன. மாமி அதற்குள் இறங்கி, சேலை மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமியிட்டை ஆர் சொல்லுறது?" என்றேன்.

"கூட்டிக்கொண்டு வந்தது ஆர்? நீங்களே சொல்லுங்கோ."

"என்னோட அவ கதைக்கிறேல்லையே!"

அந்த ஒரே காரணத்தால் நாங்கள் மூவரும் உள்ளே போனோம்.

உள்ளே சனம் என்றால் அப்படியொரு சனம். வாசலைத் தாண்டியதுமே ஜெசி, கால் வீங்குகிறது என்று மரநிழலில் கிடந்த வாங்குப் பலகையில் அமர்ந்துவிட்டாள். "நான் இதிலை இருக்கிறன். நீங்க ரெண்டு பேரும் போட்டு வாங்கோ," என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, கால் மட்டும் காரணமில்லை என்று பட்டது. எங்களை நடுவில் ஆளில்லாமல் விட்டுப் பார்க்க அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது.

நானும் மாமியும் மூன்றடி இடைவெளியில் நடந்தோம். ஐந்து நிமிடத்தில் ஒரு பிசாசுப் பெண் ஓடிவந்து மாமியோடு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு உடம்பெல்லாம் துணி சுற்றிய இரண்டு மம்மிகள். பிறகு ஒரு வரிசையே உருவாகிவிட்டது. வெள்ளைச் சேலை, மெழுகுதிரி, அசையாத முகம்: அங்கே வந்திருந்த எல்லா வேடங்களையும் மாமி வேடமே போடாமல் தோற்கடித்துக்கொண்டிருந்தார். அவரோ இதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, ஒரு குட்டிப் பிசாசின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டார்.

ஆனால் மாமி ஏமாளி அல்ல. அறுந்த தலை ஒன்றைத் தட்டில் வைத்து யாரோ கொண்டுபோனபோது அவர் நின்றார். கைத்தொலைபேசியை எடுத்து ஜெசியை அழைத்தார்.

"பிள்ளை, இது என்ன கோவிலடி? அவரிட்டைக் கேள்."

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் தொலைபேசி அடித்தது. "அம்மா கேக்கிறா, இது என்ன கோவிலாம்," என்று ஜெசி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"கடைசியில புனிதர்மார் வருவினம் எண்டு சொல்லு," என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை குறைந்துகொண்டிருந்தது.

அப்படியே கொஞ்சத் தூரம் போனோம். அவர் அவளை அழைப்பார், அவள் என்னை அழைப்பாள், நான் அவளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். இடைவெளி மூன்றடியிலிருந்து ஒரு அடியானது. காரணம் பாசமல்ல, நெரிசல். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை நோண்டியதில் சிக்னல் செத்தது. ஜெசி என்ற பாலம் உடைந்தது.

அப்போது நாங்கள் நின்றது இரண்டு பேய்வீடுகளுக்கு நடுவிலிருந்த ஒரு ஒடுக்கமான பாதையில். முன்னால் ஏதோ ஊர்வலம் தொடங்கியிருந்ததால் முன்னே போனவர்கள் நின்றுவிட்டார்கள். பின்னால் வாசலில் இன்னும் ஆட்களை விட்டுக்கொண்டே இருந்தார்கள். பேய்வீட்டிலிருந்து வெளியே வருபவர்களும் அதே பாதைக்குள் கொட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை. வெயில் வேறு. காட்டேரிகளின் பவுடர் வியர்வையில் ஒழுகிற்று.

எங்களுக்குப் பக்கத்தில் பூங்காவின் ஊழியர் ஒருவர் மாட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். கறுப்பு உடுப்பில் வெள்ளை எலும்புகள் வரைந்திருந்தன. விலா எலும்புகளுக்குக் கீழே நல்ல தொந்தி. கெவின் என்று பெயர்ப்பட்டி தொங்கியது. மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். குளிர்சாதனப்பெட்டிக்குப் பதில் ஆள் கிடைத்துவிட்டது.

"தம்பி, அவரிட்டைச் சொல்லுங்கோ, ஆக்களைத் தள்ளிக்கொண்டு நிக்க வேண்டாமெண்டு," என்று எலும்புக்கூட்டிடம் தமிழில் சொன்னார்.

கெவின் என்னைப் பார்த்தார். "அவங்க என்ன சொல்றாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் ஆட்களைத் தள்ளக்கூடாதாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கெவின் என் தோளில் கைவைத்து, மிகவும் கடுமையாக, "மேட், தள்ளாதே," என்றார்.

"நான் தள்ளவில்லை, என்னைத்தான் தள்ளுகிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்."

கெவின் மாமி பக்கம் திரும்பி, செவிடருக்குச் சொல்வதுபோல் உரத்து, ஒவ்வொரு சொல்லாக, அதை ஆங்கிலத்திலேயே சொன்னார். மாமி தலையாட்டினார். இப்படியே இருபது நிமிடம் குடும்பம் நடத்தினோம். நான் சாப்பிட்டேனா என்பதையும், ஜெசி தனியே இருக்கிறாளே என்பதையும், முழங்கால் நோகிறது என்பதையும் எலும்புக்கூடு எங்களுக்கிடையில் சுமந்தது.

பிறகு பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது.

சிரிப்பதற்கு ஒன்றுமில்லாத நேரம் அது. யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை, ஆனாலும் கூட்டம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழந்தைகள் வீரிட்டார்கள். நான் பிளாஸ்டிக் கல்லறை வேலி ஒன்றில் நசுங்கினேன். சனக்கூட்டம் எனக்குப் பழக்கம் என்று அதுவரை பெருமை பேசியவன் நான். தினமும் ஐந்நூறு பேரை ஏற்றி இறக்குகிறவன். ஆனால் அவர்களுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது என்பதை நான் யோசித்ததே இல்லை. மூச்சு வரவில்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஜெசி வாங்கிலே தனியே இருக்கிறாள், பிள்ளை தையில் வரும், நான் ஒரு பிளாஸ்டிக் கல்லறையில் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மருமகன்!"

யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"மருமகன், கண்ணைத் திறவுங்கோ. இஞ்சை, என்னைப் பாருங்கோ."

திறந்தேன். மாமியின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எலும்புக்கூட்டைப் பார்க்கவில்லை, தொலைபேசியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.

"பயப்பிடாதேங்கோ. மூச்சை மெல்ல விடுங்கோ. என்ர சீலையைப் பிடியுங்கோ. என்ன நடந்தாலும் விடாதேங்கோ."

ஆறடி உயரமுள்ள நான், மாமியின் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மன்னாரில் தன் பங்குக் கோவில் பெண்களைத் திருவிழாக்களுக்கு வரிசை கலையாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது பதினெட்டு வருடமாக மாமியின் பொறுப்பு. இது எனக்கு அன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், யாரிடம் கேட்பது? மடுவில் அவர் பார்க்காத கூட்டமில்லை. அவர் நெரிசலைப் பார்க்கவில்லை, சுவர் எங்கே, வேலி எங்கே, கதவு எங்கே என்று பார்த்தார். பிளாஸ்டிக் கல்லறைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புக் கேற் இருந்தது. அதைக் காட்டி, "கேற்! ஓப்பன்!" என்றார் கெவினிடம். ஊழியர்களுக்கு மட்டும் என்று கெவின் இழுத்தார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஊரில் வேதபாட வகுப்பில் குழப்படி செய்யும் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பார்வையாக இருக்கவேண்டும். கெவின் வேலியைத் தாண்டிப்போய்த் திறந்துவிட்டு, மறுபடி எங்கள் பக்கமே வந்தார்.

மாமி மெழுகுதிரியை ஏற்றவில்லை. தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். "ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர்! முன்னுக்கு நிக்கிற ஆளின்ர தோளில கை! பிள்ளையளைத் தூக்குங்கோ!" என்று தமிழில் கத்தினார். நான் அதை ஆங்கிலத்தில் கத்தினேன். என் தோளில் கெவின் கைவைத்தார். அவர் தோளில் ஒரு காட்டேரி. அதன் தோளில் ஒரு சூனியக்காரத் தாய். மாமி செபமாலை சொல்லத் தொடங்கினார், அந்தத் தாளத்துக்கு ஓரடி, ஓரடியாக நடந்தார். பின்னால் வந்தவர்கள் இதுவும் விழா நிகழ்ச்சிதான் என்று நினைத்துத் தாங்களும் முணுமுணுத்தார்கள். நாற்பது ஐம்பது பேர் அந்தக் கல்லறைகளுக்கு நடுவால் வெளியே வந்தோம். பாதையில் இடம் விழுந்ததும் மற்றவர்களும் மூச்சுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காவலாளிகள் வந்து வாசலை அடைத்து, மிச்சப் பேரையும் வெளியேற்றினார்கள். ஒருவருக்கும் பெரிதாக அடிபடவில்லை.

வெளிச்சம் மங்குமுன்பே ஜெசி இருந்த வாங்கடிக்கு வந்துவிட்டோம். எங்களைக் கண்டதும் ஜெசி எழுந்தாள். அவள் கண்கள் நேரே என் கைக்குப் போயின. நான் இன்னும் சேலையை விடவில்லை.

"அம்மா, பயந்திட்டீங்களோ?"

"எனக்கென்ன பயம்," என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பி, "மருமகன், இனி விடலாம். இருந்து தண்ணி குடியுங்கோ," என்றார்.

நான் இருந்தேன். தண்ணீர் குடித்தேன். அழுதுவிட்டேன், அதை மறைத்து என்ன பயன். நெரிசலில் பயந்து அழுகிறேன் என்று, கூடவே வந்திருந்த கெவின் நினைத்து என் முதுகைத் தட்டினார். ஜெசிக்கு மட்டும் காரணம் தெரியும். அவளும் அழுதாள்.

காரில் போகும்போது மாமி நேரடியாகவே கேட்டார். "மருமகன், என்னத்துக்கு என்னை இஞ்சை கூட்டியந்தனீங்கள்?"

சூரன்போர்க் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பின்சீட்டில் சத்தமே இல்லை. போச்சு என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால், மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடைசிவரைக்கும் புனிதர்மார் வருவினம் எண்டே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

"ஓம் மாமி."

"ஐயோ என்ர மாதாவே," என்று மறுபடி சிரிக்கத் தொடங்கினார். டூங்கபி வரும்வரை அடங்கவில்லை.

நெரிசலில் வளைந்துபோன அந்த மெழுகுதிரியை, இறந்தவர்களுக்கான சகல ஆத்துமாக்கள் திருநாளன்று தேவாலயத்தில் மாமாவுக்காக ஏற்றினோம். மாமி என்னையும் பக்கத்தில் நிறுத்தி, நெருப்புப் பெட்டியை என் கையில் தந்தார். "நீங்கள் கொளுத்துங்கோ. அவருக்கும் உங்களைத் தெரியத்தானே வேணும்," என்றார்.

நான்கு வருடம் ஆகிவிட்டது. தையில் பிறந்த மகளுக்கு இப்போது வாய் நல்ல நீளம். கடைத்தெருவில் கொஞ்சம் கூட்டம் கண்டால் போதும், "டோன்ட் வொறி அப்பா, அம்மாவின்ர சீலையைப் பிடியுங்கோ," என்று கத்துவாள். (ஜெசி அன்றைக்கு ஜீன்ஸ் போட்டிருப்பாள்.) மன்னாருக்குத் திரும்பிவிட்ட மாமி தொலைபேசியில் இப்போது முதலில் கேட்பது என்னைத்தான். கதைத்தால் விடவும் மாட்டார். எனக்கும் மற்ற மருமகன்களைப்போலக் குறைப்படும் உரிமை கிடைத்துவிட்டது.

போன வருடம் மூவரும் மன்னாருக்குப் போனோம். மாமியின் வரவேற்பறைச் சுவரில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், பெரிய சட்டம் போட்ட ஒரு படம் தொங்கியது. அன்று யாரோ எடுத்து, பூங்காவின் இணையப் பக்கத்தில் ஏறிய படம். மெழுகுதிரியை உயர்த்திய மாமி. பின்னால் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்து, வாயைப் பிளந்தபடி நான். எனக்குப் பின்னால் கெவின்.

நாங்கள் இருக்கும்போது பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு, "என்ன, பிள்ளையின்ர கலியாணப் படம் ஒண்டையும் மாட்டேல்லையோ?" என்று கேட்டார்.

"ஏன், உந்தா தொங்குது," என்றார் மாமி. "நான் நிக்கிறன். மாப்பிளை நிக்கிறார். பொம்பிளை மட்டும் கால் வீங்கி வாங்கில இருந்திட்டாள்."

அன்ரி கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அப்ப பின்னால நிக்கிற எலும்புக்கூடு?"

"அவர் மாப்பிளைத் தோழன்," என்றார் மாமி.